புகைப்படக் கேமராவில் ஓடிய ஆடிப்பெருக்கு

வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ஆடிப்பெருக்கு அன்று கும்பகோணம் காவிரிப் படித்துறையில் மகள் சப்பரம் இழுத்துக்கொண்டு போவதைக் கைப்பேசியில் 45 விநாடி படம் பிடித்திருக்கிறார். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு வயது எண்பதைத் தொட்டுவிட்டது, தொடுதிரை பிடிபடவில்லை. 2007இல் வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவின் பொத்தான்கள் மட்டும் அவருக்கு அத்துபடி. பழைய கல்யாணப் படங்களை அதில்தான் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பாராம். பேத்தியின் வீடியோவையும் அதிலேயே ஏற்றிவிடலாம் என்று கடையில் கொடுத்து இரண்டு முறை கன்வெர்ட் செய்தும் திரையில் கேள்விக்குறிதான் வருகிறது. கம்ப்யூட்டரில் ஓடுகிற ஃபைல் கேமராவில் ஏன் ஓடவில்லை என்று கேட்டிருந்தார்.

எனக்கும் பக்கத்து ஊர்தான் என்பதால் நேரிலேயே போனேன். கேமராவிலும் கோளாறு இல்லை, மெமரி கார்டிலும் கோளாறு இல்லை. அந்தக் கேமராவுக்குத் தன் கையெழுத்தை மட்டும்தான் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் பெயர். டிஜிட்டல் கேமராக்கள் கார்டில் படங்களை எப்படி அடுக்க வேண்டும் என்று ஜப்பானில் 1998இல் ஒரு விதி வகுத்தார்கள். டிசிஐஎம் என்ற ஃபோல்டர், அதற்குள் 100 முதல் 999 வரையிலான எண்ணில் தொடங்கும் ஃபோல்டர்கள், அவற்றுக்குள் நான்கு எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட ஃபைல் பெயர்கள். இந்த வரிசைக்குள் வராத எதையும் கேமரா ஏறெடுத்துப் பார்க்காது. 'பாப்பா சப்பரம்' என்று ஆசையாகப் பெயர் வைத்தால் அந்த ஃபைல் அதன் கண்ணில் படவே படாது. சில கேமராக்கள் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் அதே எண்ணில் ஒரு குட்டிப் படத்தையும் எழுதி வைக்கும். பட்டியலில் காட்டுவதற்கான முகப்பு அது.

கடைக்காரர் பெயரைச் சரியாகவே வைத்திருந்தார். கேள்விக்குறியாவது வந்தது அதனால்தான். சிக்கல் உள்ளே இருந்தது.

வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். இன்றைய கைப்பேசி வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. ஒரு முழுப் படம் வரும், அதற்குப் பிறகு வருபவற்றில் பெரும்பாலானவை 'முந்தைய படத்தில் இந்தத் துண்டு இவ்வளவு நகர்ந்திருக்கிறது, இங்கே மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது' என்ற குறிப்புகள். அவற்றைப் படித்துப் படமாக்க, முன்னால் வந்த ஃபிரேம்களை நினைவில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் சிப் வேண்டும். பெரியவரின் அந்தச் சிறிய கேமராவில் அது கிடையாது. அதில் இருந்தது புகைப்படத்தை ஜேபெக் (JPEG) என்ற வடிவில் சுருக்கவும் விரிக்கவும் செய்த சிப். கேமராவைச் செய்தவர்கள் அதையே வீடியோவுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். விநாடிக்கு 30 புகைப்படம் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால் வீடியோ. இதற்கு மோஷன் ஜேபெக் என்று பெயர். ஆகவே அந்தக் கேமரா வீடியோ ஓட்டும்போதும் புகைப்படம்தான் காட்டுகிறது, வேகமாக.

640க்கு 480 புள்ளி உள்ள ஒரு ஃபிரேமை, புள்ளிக்கு மூன்று பைட் வீதம், அப்படியே எழுதினால் 9,21,600 பைட் ஆகும். விநாடிக்கு 30 என்றால் 2 கோடியே 76 லட்சம் பைட்டைத் தாண்டும். ஆனால் கார்டில் விநாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் பைட்தான் எழுதப்படுகிறது. மீதி எங்கே போனது? இந்த இடத்தை எத்தனை முறை விளக்கினாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டுகிறது. நம் ஃபிரேமில் அப்படி 4,800 கட்டங்கள். ஒரு கட்டத்திலிருந்து ஒரே ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். படித்துறைக்கு மேலே உள்ள வானம், இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. எட்டுப் புள்ளிகளின் வெளிச்சம் 100, 102, 104, 106, 108, 110, 112, 114 என்று வைத்துக்கொள்வோம். இந்த எட்டு எண்ணையும் சீராக ஏறி இறங்கும் கொசைன் அலைகளாகப் பிரிக்கலாம். முதல் எண் சராசரி வெளிச்சத்துக்கு (சராசரியான 107ஐ எட்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியது), இரண்டாவது மிக மெதுவான அலைக்கு, மூன்றாவது அதைவிடக் கொஞ்சம் வேகமான அலைக்கு என்று போகும். காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 302.6, -12.9, 0, -1.3, 0, -0.4, 0, -0.1 என்று வந்தது.

களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். முறத்திலிருந்து சரியும்போது கனமான மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போய் விழும். கூட்டிச் சேர்த்தால் பழைய குவியல் அப்படியே திரும்ப வந்துவிடும், காற்று எதையும் திருடவில்லை. இந்தக் கணக்கும் அதே போலத்தான். எட்டு எண் போட்டோம், எட்டு எண் வந்தது, எதுவும் தொலையவில்லை. ஆனால் கனமெல்லாம் முதல் இரண்டிலேயே விழுந்துவிட்டது. இனி பதரை விட்டுவிடலாம். ஜேபெக் ஒவ்வொரு எண்ணையும் ஒரு அட்டவணைப்படி வகுத்து முழு எண்ணாக்குகிறது. முதல் நான்கு எண்களுக்கு வகுஎண் 16, 11, 10, 16 என்றால் கிடைப்பது 19, -1, 0, 0. அதற்கப்புறம் எல்லாம் சுழியம். சுழியங்களின் வரிசையை ஒரு சின்னக் குறியீட்டில் அடக்கிவிடலாம்.

இப்போது 19, -1 என்ற இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, 16ஆலும் 11ஆலும் பெருக்கி, திரும்பக் கணக்குப் போடுங்கள். 102, 103, 104, 106, 109, 111, 112, 113 என்று வருகிறது. அசலோடு ஒப்பிட்டால் எந்தப் புள்ளியிலும் இரண்டுக்குமேல் வித்தியாசம் இல்லை. அந்த வித்தியாசத்தை நம் கண் கண்டுகொள்ளாது. எட்டு எண்ணின் வேலையை இரண்டு எண் செய்துவிட்டது. முதல் தடவை இதைக் கையால் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படிக் கொசைன் அலைகளாகப் பிரிக்கும் கணக்கை யோசித்தவர் 1940இல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972இல் இந்த ஆய்வுக்கு நிதி கேட்டு அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று கருதப்பட்டு விண்ணப்பம் தள்ளுபடியானது. அவர் விடவில்லை. மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974இல் வெளியிட்டார். இன்று நாம் அனுப்பும் ஜேபெக் படம் ஒவ்வொன்றிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. 'எளிமையாக இருக்கிறது', 'உடனே என்ன பயன்' என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்துவது பெரிய தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆடுதுறையில் 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அடுத்த போகத்துக்குள் விடை கொடு என்று கேட்டிருந்தால், ஆடுதுறை நெல் ரகங்களைக் குறிக்கும் ஏடிடி என்ற மூன்றெழுத்து நம் விதைமூட்டைகளில் ஏறியிருக்குமா? கல்லூரிகளில் ஆய்வு நிதிக்காக அலையும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1972ஆம் ஆண்டு விண்ணப்பம்தான் ஞாபகம் வருகிறது.

சரி, கன்வெர்ட் செய்வதற்கு வருவோம். அந்தக் கேமராவிலேயே ஐந்து விநாடி வீடியோ எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு அதன் ஜாதகத்தைப் பார்ப்பதுதான் சிறந்த வழி. படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டி வைக்கும் பெட்டி, அதாவது ஃபைல் வகை, ஏவிஐயா, வேறா? புள்ளி எத்தனைக்கு எத்தனை? விநாடிக்கு எத்தனை ஃபிரேம்? ஒலி என்ன வகை? எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் அத்தனையும் அப்படியே வருமாறு மாற்ற வேண்டும். பழைய கேமராக்களில் ஒலி பெரும்பாலும் சுருக்கப்படாமலே இருக்கும். கடைக்காரர் ஏவிஐ பெட்டி வரை சரியாகத்தான் வந்திருந்தார், உள்ளே இருந்த படமும் ஒலியும் வேறு வகை. கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த வீடியோ என்பதால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை சேர்த்து 640க்கு 480 ஆக்கினேன். கேமராவின் சொந்த வீடியோவுக்கு அடுத்த எண்ணைப் பெயராக வைத்து, குட்டிப் படத்தையும் கூடவே போட்டேன்.

வாட்ஸ்அப்பில் வந்த 8 எம்பி ஃபைல் இப்போது 80 எம்பி ஆகிவிட்டது. படம் சிறிதானது, ஃபைல் பத்து மடங்கு பெருத்தது. 45 விநாடிக்கு 1,350 முழுப் புகைப்படங்கள் இருக்கின்றனவே, அதுதான் காரணம்.

கேமராவின் குட்டித் திரையில் படம் ஓடியது. வானம் வழுவழுவென்று இருந்தது. காவிரியில் வெயில் பட்டுத் தண்ணீர் மினுங்கும் இடத்தில் மட்டும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிந்தன. அடுத்தடுத்த புள்ளி வெள்ளையும் கறுப்புமாகத் துள்ளும் இடத்தில் மணி எது, பதர் எது என்று பிரிப்பது கஷ்டம். வேகமான அலைகளிலும் கனம் இருக்கும், வகுத்துத் தள்ளும்போது அதுவும் கொஞ்சம் போய்விடும்.

பெரியவர் பூதக்கண்ணாடி கேட்கவில்லை. மூன்று முறை பார்த்தார். அப்புறம் நிறுத்தினார். இடப்பக்கப் பொத்தானை அழுத்தினார், ஒரு ஃபிரேம் பின்னால் போனது. "பின்னாடியும் போவுதே தம்பி!" என்றார்.

"ஒவ்வொண்ணும் முழு போட்டோதான் ஐயா. எந்தப் பக்கம் வேணும்னாலும் தள்ளலாம்" என்றேன்.

கல்யாணப் படங்களைத் தள்ளுவது போலவே தள்ளிக்கொண்டு போனார். சப்பரத்தின் சக்கரம் படிக்கல்லில் தட்டி, பேத்தி திரும்பிப் பார்க்கும் இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.