மண்சரிவில் மீட்க இறங்கியவர்களுக்கு முதல் நான்கு வாரங்கள்

இலங்கை மலையகத்தில் மண் சரிந்தால் முதலில் மண்வெட்டியோடு ஓடிவருவது பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) இளைஞர்கள்தான். பாதை அடைபட்டுக் கிடக்கையில் இராணுவமும் 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸும் வந்துசேர நேரமாகும். மீட்புப் பணியாளர் பட்டியலில் இந்த இளைஞர்களின் பெயர் வராது. ஆகவே பின்னர் நடக்கும் உளவளத்துணை ஏற்பாட்டிலும் வராது. தோட்ட வைத்திய உதவியாளர், குடும்பநல மருத்துவமாது, கிராம உத்தியோகத்தர் நிலையும் ஏறக்குறைய இதுவே. இத்தனைக்கும் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் இவர்கள்தான். முன்பின் தெரியாதவரின் உடலைத் தூக்குவது வேறு, நேற்றுப் பெரட்டில் (தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் இடத்தில்) பக்கத்தில் நின்றவரைத் தூக்குவது வேறு.

மனதைக் காக்கும் வேலை களத்திலேயே தொடங்க வேண்டும். ஆட்களைச் சோடி சோடியாக அனுப்புங்கள். உடல் எடுக்கும் வேலையில் ஒருவரையே தொடர்ந்து விடாமல் மணிக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். எவரும் நாளொன்றுக்கு 12 மணிநேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. தன் சொந்தங்கள் புதைந்த இடத்தில் ஒருவரைத் தோண்ட விடாதீர்கள், கோபப்படுவார், பரவாயில்லை. காணாமற்போனோர் பெயரைப் பதியவோ தேநீர் கொடுக்கவோ வையுங்கள். சும்மா உட்கார வைப்பது அதைவிடக் கெடுதல்.

எடுத்த உடலை உடனே மூடுங்கள். தேவைக்கு மேல் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. உடல் தூக்கியவரிடமே அடையாள அட்டை, பாடசாலைக் கொப்பி, கல்யாண அல்பம் ஆகியவற்றைப் பிரிக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். உடலுக்கு ஒரு பெயரும் கதையும் சேரச் சேர மறப்பது கடினமாகும். நாற்றத்துக்கு மூக்கில் கோடாலித் தைலம் பூசுவது நம்மிடையே வழக்கம். பிறகு தடிமனுக்கு அதே தைலத்தைத் திறந்தாலும் அந்த இடம் கண்முன் வந்துவிடும். முகக்கவசம், கையுறை, பூட்ஸ், கை கழுவச் சவர்க்காரம் போதும்.

பிணங்களால் கொள்ளைநோய் பரவும் என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். காயப்பட்டும் மூச்சுத்திணறியும் இறந்தவர்களின் உடல்களால் அப்படிப் பரவுவதில்லை. இந்தப் பயத்தால்தான் உடல்களைச் சீக்கிரம் எடுக்கச் சொல்லி ஆட்களை இரவு முழுக்க விரட்டி வேலை வாங்குகிறார்கள்.

முதல் நாட்களில் தூக்கம் வராதது, கை நடுங்குவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, சோறு இறங்காதது எல்லாம் இயல்பே. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். இந்தக் கட்டத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு தவறு உண்டு: எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, பார்த்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைப்பது. இதனால் பின்னாளைய மனவடு குறைவதில்லை, சிலருக்கு மோசமாகலாம். உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் விடுங்கள். சூடான சாப்பாடு, காய்ந்த உடுப்பு, தூங்க அமைதியான இடம், வீட்டாருக்கு ஓர் அழைப்பு, அடுத்த வேலை எப்போது என்ற தெளிவு ஆகியவையே முதலுதவி.

தூக்கத்துக்கு டயசிபாம் போன்ற மாத்திரை கேட்டு வருவார்கள். முதல் மாதத்தில், இந்த அறிகுறிகளுக்காக மட்டும் அதைக் கொடுப்பது நல்லதல்ல. சாராயமும் அப்படித்தான்: சீக்கிரம் கண்ணை மூடவைக்கும், நடுநிசியில் எழுப்பிவிடும். களம் முடிந்த அன்றிரவு போத்தல் வாங்கிக் கொடுப்பதை நன்றிக்கடனாக நினைக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தேடுதலை நிறுத்தும் நாள் தனிக் கவனம் கேட்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்ட மண்சரிவில் புதைந்த பலரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. “இன்னும் இரண்டடி தோண்டியிருந்தால்” என்ற குற்றவுணர்வு அங்கிருந்துதான் பிறக்கிறது. யார் முடிவெடுத்தது, மண் மீண்டும் சரியும் ஆபத்து எவ்வளவு என்பதைத் தோண்டியவர்களிடம் நேரில், தமிழில், அன்றே விளக்குங்கள். வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள்.

ஒரு மாதம் கடந்தும் அந்தக் காட்சிகள் தானாக வந்துகொண்டிருந்தால், அந்தப் பாதையைத் தவிர்த்துச் சுற்றிப் போனால், எந்நேரமும் விழிப்பாகவே இருந்தால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். இதற்கென்றே உள்ள உளச்சிகிச்சைகள் நல்ல பலன் தருகின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள், தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அழைத்ததும் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஆறிவிட்டதாகத் தெரிபவருக்கும் ஐப்பசி மழையில் அந்தக் காட்சிகள் திரும்ப வரலாம். 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் முதற்கட்ட மண்சரிவு எச்சரிக்கை வரும். 2025 நவம்பரில் மலையகத்தில் பல மண்சரிவுகளை உண்டாக்கிய டித்வா புயலுக்குப் பிறகு அந்த அறிவிப்பு பலருக்கு வெறும் அறிவிப்பல்ல. முன்பு இறங்கியவர்களின் பெயர்களை எழுதி வைத்திருங்கள். எச்சரிக்கை வந்ததும் மூத்தவர் ஒருவர் போய்ப் பார்த்து, இம்முறை களமா, முகாம் பதிவேடா என்று அவர்களிடமே கேட்கட்டும்.