ஈஸ்ட்டுக்குள் சர்க்கரை நுழையும் வழிகள்

சர்க்கரை சேர்க்காத பிரெட் மாவு பொங்கும் வேகம் நடுவில் ஓரிடத்தில் சுணங்கும். அப்புறம் மறுபடி வேகமெடுக்கும். மாவில் இயல்பாகவே இருக்கும் கொஞ்சநஞ்ச குளுக்கோஸ் தீர்ந்து, ஸ்டார்ச் உடைந்து வரும் மால்டோஸ் என்ற சர்க்கரைக்கு மாற ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. மாற்றத்தில் பெரும்பங்கு நடப்பது செல்லின் சவ்வில்.

அந்தச் சவ்வு கொழுப்பால் ஆனது. தண்ணீரில் கரையும் சர்க்கரை அதைத் தானாகக் கடக்காது. அதனால் சவ்வில் கடத்திப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சவ்வை 12 முறை குறுக்கே துளைத்து மடிந்த ஒற்றை இழை. நடுவில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உட்காரும் அளவுக்குக் குழி. குளுக்கோஸ் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்ததும் புரதம் லேசாக அசையும்: வெளிவாய் மூடும், உள்வாய் திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. வெளியே அதிகம், உள்ளே குறைவு என்ற வித்தியாசமே போதும். செல்லுக்குச் செலவே கிடையாது. உள்ளே வந்த குளுக்கோஸில் உடனே ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடுவதால் அது திரும்பிப் போகவும் முடியாது.

இப்படிப்பட்ட கடத்திகள் ஒன்றிரண்டு அல்ல. பேக்கரி ஈஸ்ட்டில் குளுக்கோஸ் நுழைவதை அடியோடு நிறுத்த, குறைந்தது 20 மரபணுக்களை நீக்க வேண்டியிருந்தது என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எதற்கு இத்தனை? எச்எக்ஸ்டி1 என்ற கடத்தி பாதி வேகத்தை எட்டவே லிட்டருக்குச் சுமார் 18 கிராம் குளுக்கோஸ் வேண்டும். எச்எக்ஸ்டி7-க்கு அரை கிராமுக்கும் குறைவாக இருந்தாலே போதும். முன்னது விருந்துக்கு, பின்னது பஞ்சத்துக்கு. எப்போது எதை வைப்பது என்று சொல்ல எஸ்என்எஃப்3, ஆர்ஜிடி2 என இரண்டு உளவாளிகள். பார்க்கக் கடத்திகளைப் போலவே இருக்கும் இவை சர்க்கரையைக் கடத்துவதில்லை. வெளியே அது எவ்வளவு இருக்கிறது என்று உள்ளே சேதி மட்டும் அனுப்பும்.

மால்டோஸ் கதை வேறு. அதன் கடத்தி ஒரு புரோட்டானையும் கூடவே உள்ளே இழுத்துக்கொண்டுதான் வேலை செய்யும். அந்தப் புரோட்டானைத் திரும்ப வெளியேற்ற செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்று செலவாகும். வெளியே குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் ஈஸ்ட் இந்தக் கடத்தியைச் செய்வதில்லை. ஏற்கெனவே இருப்பதையும் உள்ளிழுத்துச் சிதைத்துவிடும். மாவு சுணங்குவதற்குக் காரணம் இதுதான். சர்க்கரை சேர்க்காத மாவுக்கென்றே, மால்டோஸ் கடத்தியை எப்போதும் தயாராக வைத்திருக்கும் ஈஸ்ட் ரகங்களைத் தேர்ந்தெடுத்து விற்கிறார்கள்.

நாம் அள்ளிப்போடும் வெள்ளைச் சர்க்கரையைப் பெரும்பாலும் வெளியிலேயே உடைத்துக்கொள்கிறது ஈஸ்ட். செல் சுவருக்கும் சவ்வுக்கும் இடையே இருக்கும் இன்வர்டேஸ் நொதி அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக்கும். வேடிக்கை என்னவென்றால், அதில் பெரும்பகுதி நழுவிப்போய் அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கிடைக்கிறது. நொதியே செய்யாத சோம்பேறி ஈஸ்ட்டும் அதில் பிழைத்துக்கொள்ளும்.

பால் சேர்த்தால் வரும் லாக்டோஸுக்கு மட்டும் பேக்கரி ஈஸ்ட்டிடம் கடத்தியும் இல்லை, உடைக்கும் நொதியும் இல்லை. அது மாவிலேயே தங்கி, அடுப்பில் பிரெட்டின் மேல்தோல் நன்றாகச் சிவக்க உதவுகிறது.