ஷண்ட் மறுபடி பழுதானால்: கைக்குழந்தைக்கு என்னென்ன இலவசம்?

தலையில் நீர் கோத்த குழந்தைக்கு, அந்த நீரை வயிற்றுக்குள் வடியவிட வைக்கும் கருவிதான் ஷண்ட். அதில் மூன்று பாகங்கள் உண்டு: மூளை அறைக்குள் செல்லும் குழாய், தோலுக்கடியில் வால்வு, வயிற்றுக்குள் இறங்கும் நீண்ட குழாய். மூன்றில் எதுவும் எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம். கைக்குழந்தைகளில் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே மறு ஆபரேஷன் தேவைப்படுவது சாதாரணம். அதனால்தான் செலவை யார் ஏற்பார்கள் என்பதை முதல் டிஸ்சார்ஜின்போதே பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதிகம் நேர்வது அடைப்பு. மூளை அறைக்குள் உள்ள திசு குழாயின் துளைகளை மூடிவிடும். குழந்தை அழாமல், நிமிர்த்திப் பிடித்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்பியும் தூங்கி வழிந்தால், கருவிழி கீழிறங்கி மேலே வெள்ளை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தொற்று பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களில் வரும். காய்ச்சல், குழாய் செல்லும் வழியில் சிவப்பு, தையலில் கசிவு ஆகியவை அடையாளங்கள். பெரும்பாலும் ஷண்ட்டை எடுத்துவிட்டு, நீரைத் தற்காலிகமாக வெளியே வடியவிட்டு, நரம்புவழி ஆன்டிபயாடிக் கொடுத்து, தொற்று நீங்கிய பிறகே புதிய ஷண்ட் வைப்பார்கள். இதற்கு வாரக்கணக்கில் மருத்துவமனையில் இருக்க நேரும். நீர் அளவுக்கு மீறி வடிந்தால் உச்சிக்குழி உள்வாங்கும். அதையும் உடனே காட்டுங்கள்.

இனி உரிமைகள். ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம் எல்லாம் இலவசம். மருத்துவப் பொருட்களும் இதில் அடங்கும் என்பதால், ஷண்ட்டை வெளியே வாங்கி வரச் சொன்னால் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், அங்கிருந்து உயர்சிகிச்சை மையத்துக்கும், திரும்ப வீட்டுக்கும் வண்டியும் இலவசம்.

ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை கிடைக்கும். ஏற்கெனவே இருந்த நோய் என்று மறுக்க முடியாது. முதல் நாளிலிருந்தே செல்லும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் மருந்தும் சேர்த்தி. ஆனால் இந்தத் தொகை குடும்பம் முழுவதற்கும் பொது. தொற்றுக்காக இரண்டு மூன்று முறை படுக்க நேர்ந்தால் மீதி எவ்வளவு என்று மருத்துவமனையில் இந்தக் காப்பீட்டுக்கென இருக்கும் உதவியாளரான ஆரோக்கிய மித்ராவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மறு ஆபரேஷனுக்கும் மருத்துவமனை காப்பீட்டிடம் புதிதாக முன்அனுமதி வாங்க வேண்டும்.

இழுபறி பெரும்பாலும் ஆவணத்தில்தான். பிறப்பை 21 நாளுக்குள் கட்டணமின்றிப் பதிந்து, குழந்தையின் பெயரைக் குடும்ப அட்டையிலும் காப்பீட்டிலும் உடனே சேர்த்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஷண்ட்டின் வகை, வால்வின் அழுத்தம், வைத்த தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஷண்ட் நன்றாக வேலை செய்யும்போது எடுத்த ஸ்கேன் பிரதி கையில் இருக்கட்டும். பழுது சந்தேகம் வரும்போது புதிய ஸ்கேனை ஒப்பிட அதைவிட உதவுவது வேறில்லை.

ஒரு வயது முடிந்ததும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் நின்றுவிடும். அதற்குப் பிறகு காப்பீடுதான் முக்கியத் துணை. பார்வை, செவித்திறன், வளர்ச்சியைக் கவனிக்க, தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் குழந்தையை இப்போதே பதிந்துவையுங்கள். அங்கே ஆறு வயது வரை பயிற்சிகள் இலவசம்.