கவுன்சலர் படிப்பு: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

"மூன்றே மாதத்தில் மனநல ஆலோசகர் ஆகலாம், அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ்" என்ற நோட்டீஸ் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் செய்தித்தாளுக்குள் மடித்து வீடு வரை வருகிறது. வாட்ஸ்அப்பில் வருவது இன்னும் அதிகம். இதை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி நாலு பேருக்கு ஆறுதலாக இருக்கும் ஒரு வேலையைக் கற்றுக்கொள்வோம் என்று நினைத்தவர்கள். இன்று அவர்கள் கையில் இருப்பது லேமினேட் செய்த ஒரு தாள். அரசு வேலைக்கு மனுப் போட்டால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுகிறார்கள். மேற்படிப்புக்கும் அது ஆகாது. கேட்கப் போனால், "நாங்கள் வேலை தருவதாகச் சொல்லவில்லையே" என்று பதில் வருகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல் கவுன்சலருக்கென்று ஒரு பதிவேடு நம் நாட்டில் நீண்ட காலம் இல்லை. மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிகல் சைக்காலஜிஸ்ட், 1992-ஆம் ஆண்டு சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிகல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதைத் தெளிவாக வரையறுக்கிறது. மற்ற உளவியலாளர்கள், கவுன்சலர்கள், மனநலச் சமூகப் பணியாளர்கள் எல்லாம் 2021-இல் வந்த தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின் பட்டியலுக்குள் வருகிறார்கள். இதற்கு மேல் சட்டம் தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தெரிய வேண்டியது ஏமாறும் இடங்கள்தான்.

"அரசு அங்கீகாரம்" என்றால் யாருடையது?

சங்கப் பதிவு, அறக்கட்டளைப் பதிவு, உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கானது), ஐ.எஸ்.ஓ. சான்று இவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்டி "கவர்ன்மென்ட் ரெஜிஸ்டர்டு" என்பார்கள். இவை எதுவும் படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. மளிகைக் கடைக்காரர்கூட உத்யம் பதிவு எடுக்கலாம்.

இதைவிட நுணுக்கமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. ஆர்.சி.ஐ. அங்கீகாரம் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும், குறிப்பிட்ட காலத்துக்கும்தான் தருகிறார்கள். சிறப்புக் கல்வி டிப்ளமோ நடத்த அனுமதி வாங்கிய நிறுவனம், அதே போர்டுக்குக் கீழே கவுன்சலிங் சர்ட்டிபிகேட்டும் விற்கிறது. வாசலில் ஆர்.சி.ஐ. என்று எழுதியிருப்பதைப் பார்த்து எல்லாப் படிப்பும் அதன் கீழ்தான் என்று சேருகிறவர் நினைத்துக்கொள்கிறார். எந்தப் படிப்பு, எந்த அமைப்பு, எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே ஒருமுறை பாருங்கள். எழுத்தில் தர மறுத்தால் அத்தோடு எழுந்து வந்துவிடுங்கள்.

தொலைதூரக் கல்வி: இப்போது பலர் விழும் குழி

வீட்டிலிருந்தபடியே உளவியல் படிப்பது நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பெரிய வழியாக இருந்தது. அந்த வழி அடைபட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லிவிட்டது. 2021 சட்டத்தின் கீழ் வரும் படிப்புகள் எல்லாவற்றுக்கும் இதே தடை. அதற்கு முன்பே படித்து முடித்தவர்களின் பட்டத்தை இந்த உத்தரவு தொடவில்லை.

இது தெரியாமல் இன்னும் சேர்க்கை நடத்துகிறார்கள், அல்லது தெரிந்தே நடத்துகிறார்கள். "பேக் டேட் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அது குற்றம், மாட்டிக்கொள்வது நீங்கள். "எங்கள் சென்டர் மூலமாகச் சேர்ந்தால் தேர்வெல்லாம் சுலபம்" என்று சொல்பவரிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள். தொலைதூரப் படிப்பைத் தனியாரிடம் இப்படிக் குத்தகைக்கு விடுவதற்கே யு.ஜி.சி. விதியில் இடமில்லை. வேறு பாடத்தைத் தொலைதூரத்தில் படிப்பதானாலும் யு.ஜி.சி. தளத்தில் டெப் ஐ.டி.யை (தொலைதூர மாணவருக்கான அடையாள எண்) நீங்களே உருவாக்குங்கள், கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள்.

பத்தாம் வகுப்போடு கல்யாணம் ஆகி, பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழக அரசு வேலைக்குச் செல்லும் என்பது 2009-இல் வந்த அரசாணை 107. பிளஸ் டூவோ அதற்கு இணையானதோ இல்லாமல் இப்படி நேரடியாக வாங்கிய பட்டத்துக்கு அரசு வேலையில் மதிப்பில்லை. அப்படிப்பட்டவர்கள் முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிவிட்டுப் பட்டத்துக்குப் போவதுதான் சரி. இதைச் சேர்க்கைக் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை. சேருகிறவரின் பணம் உள்ளே வந்தால் போதும் என்று இருக்கிறார்கள்.

பிறகு எதைத்தான் படிப்பது?

நேரடியாகக் கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம்தான் அடிப்படை. எம்.எஸ்சி. அல்லது எம்.ஏ. உளவியல் ஒன்று, சமூகப் பணி முதுநிலையான எம்.எஸ்.டபிள்யூ. இன்னொன்று. உளவியலுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போகவேண்டியிருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ.வை அதைவிடக் குறைவாக நினைக்காதீர்கள். மருத்துவ மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தால், மாவட்டத்தில் வரும் கவுன்சலர் வேலைகள் பலவற்றுக்கு அது செல்லும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே சமூகப் பணித் துறை இருக்கிறது. தினமும் பஸ்ஸில் போய் வரலாம் என்பது வீட்டை விட்டு வெளியூரில் தங்க முடியாத பெண்ணுக்குச் சின்ன விஷயம் இல்லை.

வேறு பாடத்தில் இளநிலை முடித்தவர்களை உளவியல் முதுநிலையில் சேர்க்கும் இடங்கள் உண்டு. ஆனால் சேரும் முன், அந்தப் பட்டத்தின் பெயர் அப்படியே வேலை விளம்பரங்களில் வருகிறதா என்று பாருங்கள். "பயன்பாட்டு உளவியல்", "ஆலோசனை உளவியல்" என்று பெயர் மாறியிருந்தால், இது உளவியலுக்கு இணையா என்று கேட்டு இணைத்தன்மைச் சான்றுக்கு அலையவிடுவார்கள். பாடம் எல்லாம் ஒன்றுதான், பெயரில் ஒரு சொல் கூடியதற்கு ஒரு வருடம் போனவர்கள் இருக்கிறார்கள்.

கிளினிகல் சைக்காலஜிஸ்ட் ஆக விரும்புகிறவர்களின் பாதை தனி. உளவியல் முதுநிலையில் பொதுப்பிரிவுக்கு 55 விழுக்காடு வாங்கி, அதன்பின் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பதுதான் இதுவரை முக்கிய வழியாக இருந்தது. யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, இதற்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அவகாசம் தந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுக்கு எம்.ஃபில். இடம் தருவதாகச் சொன்னால், அனுமதிக் கடிதத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பட்டத்தின் பெயரைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஒருவர் மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் நிஜமான ஆட்களோடு உட்கார்ந்து பழக்குவார்கள்? இதற்குப் பதில் சொல்ல முடியாத படிப்பு உங்களுக்கு வேண்டாம். இரண்டு சனி ஞாயிறு வகுப்பு முடிந்ததும் தற்கொலை எண்ணத்தில் இருக்கும் ஒருவரை முன்னால் உட்காரவைத்து, "பேசுங்கள், அனுபவம் வரும்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அங்கே கெடுவது வந்தவரின் உயிரும் உங்கள் மன நிம்மதியும்.

நம் ஊரில் பயிற்சிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. எந்தக் கோவில், எந்த வீடு, எந்தத் தெரு என்று இரண்டு குறிப்புச் சொன்னால் போதும், ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயரை மாற்றிவிட்டு வகுப்பில் கதை பேசினால் ரகசியம் காத்ததாகாது. சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்கவேண்டும் என்பது 2017 சட்டம் தரும் உரிமை. பயிற்சியாளர் இதை எப்படிக் கையாளுகிறார் என்று முதல் வகுப்பிலேயே கவனியுங்கள். மற்றவர் கதையைச் சுவாரசியமாகச் சொல்லும் பயிற்சியாளரிடம் நிற்காதீர்கள்.

உதவித்தொகையும் தாலுகா ஆபீசும்

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருமே என்று நினைத்து முதுநிலையில் சேருகிறார்கள். அது பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கு. முதுநிலைக்குக் கிடையாது, தொலைதூரக் கல்விக்கும் கிடையாது. இளநிலையில் உளவியல் படிக்கும் பெண்ணுக்குக் கிடைக்கும், ஆனால் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் பக்கம் சிக்கல் இங்கேதான். செட்டிநாட்டில் பல பள்ளிகள் செட்டியார்கள் வைத்தவை, அரசு உதவி பெறுபவை. இலவசமாகப் படித்ததால் அரசுப் பள்ளி என்றே வீட்டில் நினைத்திருப்பார்கள். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் திட்டத்தில் சேர்த்தது 2024 டிசம்பரில்தான். அதே பள்ளியில் ஆங்கில வழியில் படித்த பெண்ணுக்கு இல்லை. அதனால் பள்ளியை விட்டு வரும்போதே சான்றிதழில் பயிற்று மொழி சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிறகு திருத்தப் போனால் தலைமையாசிரியர் ஒரு பக்கம் கைகாட்டுவார், கல்வி அலுவலகம் இன்னொரு பக்கம் கைகாட்டும்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும்.

எந்த உதவித்தொகைக்கும் வருமானச் சான்று வேண்டும். அதில் நம் ஊருக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. வீடு அரண்மனை மாதிரி இருக்கும். அதில் நாற்பது பேருக்குப் பங்கு இருக்கும், விற்கவும் முடியாது, ஓட்டைச் சரிசெய்யவும் பணமிருக்காது. அல்லது அந்தப் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் பின்கட்டில் குடியிருக்கும். விசாரிக்க வரும் அலுவலர் வாசல் தூணைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வீடு, வருமானம் இல்லைங்கிறீங்களே" என்று மனுவை நிராகரித்துவிடுவார். சான்று கேட்பது வருமானத்துக்கு, வீட்டின் அளவுக்கு இல்லை. வாடகை வரவில்லை, பங்கு இவ்வளவுதான் அல்லது காவலுக்குத்தான் இருக்கிறோம் என்று எழுதி, கையிலுள்ள பத்திர நகலையோ வீட்டுக்காரரின் கடிதத்தையோ இ-சேவை மனுவோடு முதலிலேயே சேர்த்துவிடுங்கள். நிராகரித்தால் காரணத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். காரைக்குடித் தாலுகாவுக்கு மேலே தேவகோட்டைக் கோட்டாட்சியர் அலுவலகம், அதற்கும் மேலே சிவகங்கையில் திங்கள்கிழமை குறைதீர் நாள். வாய்ப்பேச்சில் திரும்ப வராதீர்கள், மனு எண் வாங்காமல் நகராதீர்கள்.

பொன்னமராவதி, திருமயம், அரிமளம் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று. சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாணச் சாமான் எல்லாவற்றுக்கும் காரைக்குடிதான் உங்கள் ஊர். ஆனால் காகிதத்தில் நீங்கள் புதுக்கோட்டை மாவட்டம். சிவகங்கை மாவட்டத்தில் வசிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம் என்ற கவுன்சலர் விளம்பரத்துக்கு மனுப் போட்டு, எதனால் கூப்பிடவில்லை என்றே தெரியாமல் காத்திருக்கிறார்கள். இரண்டு மாவட்ட இணையதளங்களையும் பாருங்கள், உங்கள் மாவட்டத்தில் போடுங்கள்.

வேலைக்கு மனுப் போடும்போது

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையம் போன்ற இடங்களில் வரும் கவுன்சலர் வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொகுப்பூதிய வேலைகள். விளம்பரம் வந்து சில நாளில் கெடு முடிந்துவிடும். கடைசித் தேதிக்குள் தபாலில் போட்டால் போதாது, அவர்கள் கையில் சேர்ந்திருக்க வேண்டும். முடிந்தால் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அனுபவச் சான்று கேட்டால், தொண்டு நிறுவனத்தின் லெட்டர்பேடில், சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை, கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கவேண்டும். "இவர் நல்லவர், உழைப்பாளி" என்று எழுதிய கடிதம் செல்லாது. பட்டமளிப்புச் சான்றுக்குப் படிப்பு முடிந்தவுடனேயே பணம் கட்டிவிடுங்கள். தற்காலிகச் சான்றோடு காலம் தள்ளுகிறவர்கள், வேலை வந்த வாரத்தில் பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா?

பல்கலைக்கழகத்திலோ அதன் கல்லூரியிலோ சேர்ந்துவிட்டு விலக நினைத்தால், யு.ஜி.சி. 2018-இல் வைத்த கணக்கு உங்களுக்கு உண்டு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும், அதில் சின்னத் தொகை மட்டும் கழித்துக்கொள்ளலாம். 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. கடைசித் தேதி முடிந்து 15 நாள் வரை 80, அதன்பின் 30 நாள் வரை 50. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆகவே யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள், விலகல் கடிதத்தை இன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. "மீதிப் பணம் கட்டினால்தான் மார்க் ஷீட்" என்று சொன்னால் யு.ஜி.சி.யின் சமாதான் தளத்தில் புகார் பதியுங்கள்.

தனியார் சென்டராக இருந்தால் ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தகவல் உரிமை மனு போடுங்கள். தமிழக அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரவேண்டும். இந்தச் சென்டர் உங்களுடையதா, இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு யு.ஜி.சி. அனுமதி உண்டா, உண்டென்றால் அதன் நகல் தருக என்ற மூன்று வரி போதும். இன்னும் சேராதவர்களும் இதையே சேரும் முன் கேட்கலாம்.