விறைப்புக் குறைபாட்டுக்கான குளிசை: துண்டு வாங்குவது எப்படி, எங்கே ஏமாறுகிறார்கள்

சில்டெனாஃபில், டடாலஃபில் இரண்டும் இலங்கையில் வைத்தியர் எழுதித் தரும் மருந்துத் துண்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய குளிசைகள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான மருந்தை, அனுமதிப்பத்திரம் உள்ள பாமசியில், பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வையில்தான் விற்கலாம். சட்டம் இவ்வளவுதான். இது தெரிந்தவர்களும் நடைபாதையில் பெயரில்லாத குளிசையை வாங்கிப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் வரிசை முழுக்கக் கேட்கும்படி "என்ன வருத்தம்?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம்.

அந்தக் கேள்விக்கு விவரமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நம்பர் கொடுப்பவருக்கு உங்கள் வருத்தத்தின் பெயர் தேவையும் இல்லை. "சிறுநீர்ப் பக்கம் பிரச்சினை, டொக்டரிடம் சொல்கிறேன்" என்றால் போதும். கொழும்பு தேசிய வைத்தியசாலையோ களுபோவிலை ஆஸ்பத்திரியோ, நேரே யூரோலொஜி என்ற சிறுநீர்ப் பிரிவுக் கிளினிக் வாசலில் போய் நிற்காதீர்கள். ஓ.பி.டி. என்ற வெளிநோயாளர் பிரிவு வைத்தியரின் கடிதம் எங்கே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு நாள் சம்பளம் வீணாகும். ஓ.பி.டி.யில் கடிதம் வாங்கி, கிளினிக் திகதி எடுத்து, இரண்டையும் போனில் படம் பிடித்து வையுங்கள்.

உள்ளேயும் ஒரே மேசையைச் சுற்றி மூன்று நோயாளிகள் நிற்கும் இடங்கள் உண்டு. ஆகவே முதலே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள்: எத்தனை மாதமாக இருக்கிறது, விடியற்காலையில் விறைப்பு வருகிறதா, வேறு என்ன வருத்தம், என்னென்ன குளிசை எடுக்கிறீர்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. இருந்தும் தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடி அலைய விடுவது இன்னும் நிற்கவில்லை. மருந்துகளின் பெயர்களையாவது ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும்.

"வயது போனால் அப்படித்தான்" என்று சொல்லி எழுப்பிவிட்டால் எழும்பாதீர்கள். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் பார்க்கச் சொல்லுங்கள். இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபடுவது சிலருக்கு நெஞ்சு நோவுக்குச் சில வருடங்கள் முன்பே இப்படித்தான் வெளியே தெரியும். 35 வயது தாண்டியவர்களுக்கு இந்தப் பரிசோதனைகளை அரச ஆஸ்பத்திரிகளிலுள்ள எச்.எல்.சி. என்ற ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகவே செய்கிறார்கள்.

இனி உயிர் போகிற விஷயம். பலரிடம் இரண்டு கிளினிக் கொப்பி இருக்கும், இருதயத்துக்கு ஒன்று, சீனி வருத்தத்துக்கு ஒன்று. இந்தக் குளிசையைக் கேட்கப் போகும்போது ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். சனல் பண்ணித் தனியார் வைத்தியரைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையுமே விட்டுவிடுவார்கள். இருதயக் கொப்பியில் நெஞ்சு நோவுக்கான நைட்ரேட் மருந்துகளான ஐ.எஸ்.எம்.என். என்றோ, ஐசோசோர்பைட் என்றோ, நாக்குக்கு அடியில் வைக்கும் ஜி.ரி.என். என்றோ இருந்தால் சில்டெனாஃபிலும் இல்லை, டடாலஃபிலும் இல்லை. அரைக் குளிசைகூட இல்லை. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் திடீரென்று விழுந்து ஆளே போய்விடலாம். ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் போட்டுத் தரும் குளிசைகளின் பெயர் பலருக்குத் தெரியாது. அந்த உறைகளையும் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். கடந்த ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

புரொஸ்டேட்டுக்கு டம்சுலோசின், பிரஷருக்கு பிரசோசின் எடுப்பவர்கள் இதையும் சேர்த்து எடுத்தால் தலைசுற்றி விழக்கூடும். அவர்களுக்கும் 65 வயது தாண்டியவர்களுக்கும், ஈரலோ சிறுநீரகமோ மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 25 மில்லிகிராம் சில்டெனாஃபிலில்தான் தொடங்குவார்கள். மற்றவர்களுக்குத் தொடக்கம் 50. இருமலுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இரண்டும் சில்டெனாஃபிலை உடலில் கூட்டிவிடும். அந்த நாட்களில் வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

சில்டெனாஃபிலை உறவுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு எடுக்க வேண்டும். 24 மணித்தியாலத்துக்கு ஒன்றுதான். பிரியாணியோ கொத்தோ வயிறு நிறையச் சாப்பிட்டு எடுத்தால் வேலை செய்யப் பிந்தும். அதைத்தான் குளிசை சரியில்லை என்று நினைத்து இரண்டாவதையும் விழுங்குகிறார்கள். பிந்திய முதலாவதும் அவசரத்தில் போட்ட இரண்டாவதும் ஒன்றாக ஏறும். மனதில் ஆசை இல்லாமல் எந்த அளவு எடுத்தாலும் பலன் இல்லை. டடாலஃபில் 36 மணித்தியாலம் வரை நிற்கும், அதனால் மறுநாளும் அது உடலில் இருப்பதை மறக்காதீர்கள். குடித்துவிட்டு எடுத்தால் பிரஷர் இன்னும் இறங்கும்.

துண்டில் மருந்தின் பொதுப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். கொம்பனிப் பெயர் மட்டும் இருந்தால் அது இல்லை என்று பாமசி பாமசியாக அலைய வேண்டும். அல்லது கிடைத்ததை விலை பாராமல் வாங்க வேண்டும். அரச மருந்துக்கடையான ஒசுசலவில் முதலில் கேளுங்கள். குளிசை அட்டையில் இருந்து இரண்டு மூன்று குளிசையை வெட்டித் தரும்போது, காலாவதித் திகதியும் தொகுதி இலக்கமும் உள்ள துண்டு கடையிலேயே தங்கிவிடும். வெட்ட முன் முழு அட்டையையும் பார்த்து, அந்த இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். "இயற்கை மூலிகை, பக்கவிளைவே இல்லை" என்று விற்கும் தூளிலும் தேனிலும் சில்டெனாஃபில் கலந்திருப்பது உலகெங்கும் பிடிபட்ட சங்கதி. இருதயக் குளிசை எடுப்பவருக்கு அது பெயர் தெரியாத நஞ்சு.

இந்தக் குளிசை எடுப்பதை மனைவிக்குச் சொல்லி வையுங்கள். இரவில் நெஞ்சு நோவு வந்தால், வீட்டில் யாருடைய ஜி.ரி.என். இருந்தாலும் எடுத்து உங்கள் நாக்குக்கு அடியில் வைக்கப் போவது அவர்தான். சில்டெனாஃபிலுக்குப் பிறகு 24 மணித்தியாலம், டடாலஃபிலுக்குப் பிறகு 48 மணித்தியாலம் அதை வைக்கவே கூடாது. 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். எந்தக் குளிசை, எத்தனை மணிக்கு என்பதை வந்தவுடன் சொல்லுங்கள். நாலு மணித்தியாலம் தாண்டியும் விறைப்பு இறங்காவிட்டாலும், திடீரென்று கண் தெரியாமல் போனாலும், காது அடைத்துக் கேட்காமல் போனாலும் விடியட்டும் என்று படுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாமசி பில் தர மறுத்தால், குறித்த விலைக்கு மேல் எடுத்தால், நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977. குளிசையில் சந்தேகம் என்றால் நொரிஸ் கெனல் வீதியில் உள்ள மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுங்கள். மிச்சக் குளிசை, அட்டைத் துண்டு, பில் மூன்றையும் எறிந்துவிடாதீர்கள். அவை இல்லாமல் போனால் உங்களை அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள், அங்கேயும் அதையேதான் கேட்பார்கள்.