அகதி, ஏதிலி, இடம்பெயர்ந்தோர்: சொல் விளக்கம்

'அகதி' வடமொழியிலிருந்து வந்த சொல். செல்லுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த 'கதி'க்குப் போக்கு, வழி, புகலிடம் என்பன பொருள். முன்னே நிற்கும் 'அ' அவற்றை இல்லையாக்குகிறது. கோணேசர் சந்நிதியில் 'நீயே கதி' என்று கைகூப்புகிறவர் சொல்வதும் இதே கதிதான். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'ரெஃப்யூஜி' ஒருவர் தேடியடைந்த புகலைப் பார்க்கிறது; அகதியோ அவர் இழந்துவிட்ட போக்கிடத்தைப் பார்க்கிறது.

இலங்கைப் போரில், 1990இல் திருகோணமலையை விட்டு ஓடிக் கடல்கடந்து தமிழ்நாட்டின் மண்டபம் முகாமை அடைந்தவரும், 2006இல் அதே மாவட்டத்துச் சம்பூரிலிருந்து வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து கிளிவெட்டி முகாமில் தறப்பாள் என்ற கூடாரத் துணியின் கீழ் ஆண்டுக்கணக்கில் கிடந்தவரும் எங்கள் இலங்கைத் தமிழ்ப் பேச்சில் அகதிகளே. சட்டம் இவர்களைப் பிரிக்கிறது. இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படலாம் என்ற நியாயமான அச்சத்தால் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரையே 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை அகதி என்கிறது. போருக்குத் தப்பி ஓடியது மட்டும் அந்த வரையறைக்குப் போதாது. எல்லைக்குள் அலைபவருக்கு 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்' என்ற பெயரே கிடைக்கிறது.

அகதிக்குத் தனித்தமிழாக வழங்கும் 'ஏதிலி'யை 'எதுவும் இல்லாதவர்' என்று பலர் பிரித்துக் காட்டுவர். ஆனால் 'ஏதிலார் குற்றம்போல்' என்ற குறளில் ஏதிலார் என்போர் அயலார். அடைக்கலம் கேட்டு வந்தவரை அயலார் என்று அழைக்கும் பழம்பொருள் அச்சொல்லின் அடியில் கிடப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை 'இடம்பெயர்ந்தோர்' என்பதில் உள்ளது. 'பெயர்தல்' தன்வினை, பறவை பெயர்வது போல மக்கள் தாமாகவே பெயர்ந்தார்கள் என்று அது காட்டும். இன்றைய நகரப் போரில் நடப்பது அதுவன்று. உக்ரைன்மீது 2022 பெப்ரவரி 24இல் ரஷ்யா படையெடுத்தபின் மரியுபோல் நகரம் சூழப்பட்டு, மின்சாரமும் குடிநீரும் எரிவாயுவும் அற்றுப்போய், வீதி வீதியாகக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. மக்கள் தஞ்சம் புகுந்திருந்த நாடக அரங்கின் இருபுறத் தரையிலும் 'குழந்தைகள்' என்று வானத்திலிருந்து தெரியும்படி பெரிதாக எழுதியிருந்தும் மார்ச் 16இல் அது தாக்கப்பட்டது. ஐந்து வாரங்களுக்குள் 40 இலட்சம் பேர் உக்ரைனின் எல்லையைக் கடந்தனர். முற்றுகையிட்டவருக்கு ஆளில்லாத நகரைப் பிடிப்பது எளிது. தண்ணீரை நிறுத்துவதும் குண்டு போடுவதைப் போல ஊரைக் காலியாக்கும் வழிதான்.

எங்கள் பக்கத்தில் துரத்துவதைக் 'கலைத்தல்' என்போம். 'ஊரை விட்டுக் கலைச்சுப்போட்டாங்கள்' என்னும்போது செய்தவர் ஒருவர் இருப்பது வினையிலேயே தெரிந்துவிடும். எழுத்துத் தமிழில் அந்த வேலையைப் பிறவினையான 'பெயர்த்தல்' செய்யும். ஆகவே எல்லை கடந்தவரை அகதி என்றே எழுதலாம், மக்கள் நாவில் ஊறிய சொல் அது. சொந்த நாட்டுக்குள் துரத்தப்பட்டவரை 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்று எழுத வேண்டும்.