கேஸ் அடிப்பதற்கு முன்: பழைய காரின் ஏசி ஏன் குளிர்வதில்லை?

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், 2008-ஆம் ஆண்டுத் தயாரிப்பான சிறிய கார் ஒன்று திருச்சியில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரான அதன் உரிமையாளர், மார்ச்சிலிருந்து மூன்று முறை ஏசிக்குக் குளிரூட்டும் கேஸ் அடித்துவிட்டதாகவும், மாலையில் வண்டியை எடுத்துச் செல்லும்போது குளிர்வதும் மறுநாள் மதியம் கைவிடுவதுமாகவே இருப்பதாகவும் சொன்னார். சமயபுரம் தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அங்கே நல்லாத்தான் இருக்கு தம்பி, பால்பண்ணையில நெரிசல்ல நின்னாத்தான் அனலா அடிக்குது" என்றார். பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே, கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்கக் கண்டென்சரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழுகிறது. அந்த விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்ததால் இருக்க வேண்டிய வேகம் இல்லை. சுமார் 38 டிகிரி வெயிலில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்திப் பார்த்தபோது உயர் அழுத்தப் பக்கம் 340 பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் அலகு) தொட்டது. அந்த வெயிலுக்கு 250-ஐ ஒட்டி இருந்திருக்க வேண்டும். கண்டென்சரின் மேல் ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றியதும் முள் மளமளவென்று இறங்கி, உள்ளே குளிர்காற்று வரத் தொடங்கியது. செலவில்லாத இந்தச் சோதனையை மூன்று இடங்களிலும் ஒருவரும் செய்யவில்லை. இருந்த கேஸை இயந்திரத்தால் வெளியே எடுத்து எடைபோட்டோம்: 640 கிராம். பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எழுதியிருந்த அளவோ 450 கிராம். குளிர்ச்சி போதவில்லை என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்ட கூடுதல் கேஸே அழுத்தத்தை மேலும் உயர்த்திக் கோளாறைப் பெரிதாக்கியிருந்தது. மோட்டாரை மாற்றி, வேக்கம் போட்டு (குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), தராசில் வைத்து 450 கிராம் நிரப்பினோம்.

தராசை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இன்ஜின் நிற்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்து கேஸின் அளவைச் சொல்ல முடியாது. மூடிய குழாய்க்குள் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. இத்தகைய வண்டிகளின் ஏசியில் ஓடும் ஆர்-134ஏ கேஸ் உள்ளே 200 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் 30 டிகிரியில் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐதான் காட்டும். "அழுத்தம் இருக்கிறது, ஆகவே கேஸ் சரியாக இருக்கிறது" என்பது எங்கள் தொழிலில் அன்றாடம் கேட்கும் தவறான வாக்கியம்.

கேஸ் என்பது பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளும் அன்று. பழைய வண்டியின் ரப்பர் குழாய்கள் வழியாகவும் கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் முன்பக்க சீல் வழியாகவும் ஆண்டுகள் போகப்போகச் சிறிது கசியலாம். ஆனால் மூன்றே மாதத்தில் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். கேஸுடன் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தே வெளியேறுவதால், புழுதி அப்பிய எண்ணெய்க் கறையைத் தேடினாலே பல கசிவுகள் அகப்பட்டுவிடும். அகப்படாதபோது உலர்ந்த நைட்ரஜனை ஏற்றி சோப்பு நுரையால் பார்க்க வேண்டும். சில இடங்களில் டயருக்கு அடிக்கும் காற்றையே ஏற்றுகிறார்கள். அதிலுள்ள ஈரம், கேஸைச் சிறு துளை வழியாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து அடைப்பதோடு, எண்ணெயையும் கெடுத்து உட்பாகங்களை அரிக்கும். குழாயைக் கழற்றிய வண்டிக்கு, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட வேண்டும் என்பதும் இந்த ஈரத்துக்காகத்தான்.

கேஸ் சம்பந்தமே இல்லாத கோளாறுகளும் பழைய கார்களில் ஏராளம். ஹீட்டர் கேபிள் நழுவி, சூட்டைத் தடுக்கும் உள்மடல் முழுதாக மூடாமல் நின்றால், குளிர்ந்த காற்றோடு வெந்நீர்ச் சூடும் கலந்து வரும். அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்துவிட்டுக் காற்றின் வேகமே குறைந்துபோனால், வெப்பநிலையை உணரும் சென்சார் பழுதாகி, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் பனி படிகிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் காலையில் பிடித்து, சூடானதும் விட்டுவிட்டால், தட்டுகளுக்கு இடையிலான இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். பல மாடல்களில் ஒரு மெல்லிய வாஷரை எடுப்பதோடு முடிகிற வேலையை, கம்ப்ரஸரையே மாற்றச் சொல்லிச் செலவு வைப்பதும் நடக்கிறது.

இன்னொரு வழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். விலை குறைவு என்பதற்காக சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்த கேஸைக் கலந்து அடிக்கிறார்கள். குளிர்வதும் உண்மைதான், நன்றாகவே குளிரும். ஆனால் ஆர்-134ஏ எளிதில் தீப்பற்றாத கேஸ் என்பதை நம்பி அமைக்கப்பட்ட வண்டியில், கூலிங் காயில் இருப்பது பயணிகளின் காலுக்கு எதிரே. அங்கே கசியும் எரிவாயுவுக்கு ஒரு சிறு தீப்பொறி போதும். சிலிண்டரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வாடிக்கையாளர் கூச்சப்பட வேண்டியதில்லை.

கூலிங் காயிலே ஓட்டையாகியிருந்தால் பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டை இறக்க வேண்டியிருக்கும். பதினைந்து ஆண்டு வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் கைபட்டாலே ஒடியும் என்பதால், இந்த வேலையை இரண்டாவது முறை செய்ய நேரிடக் கூடாது. ஆகவே காயிலோடு எக்ஸ்பான்ஷன் வால்வு, சென்சார், ஓ-ரிங்குகள் அனைத்தையும் அப்போதே மாற்றச் சொல்கிறேன். அதற்கு மனமில்லாதவரிடம், டேஷ்போர்டை இறக்காமலே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.